கூறியது கூறலும் கணினி நிரலும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தெனத் தொகுத்த நன்னூலார், அவற்றுட் 'கூறியது கூறல்' என்பதனையும் ஒன்றாக வைத்தார். முன்னர்ச் சொல்லிய பொருளையே பின்னரும் எடுத்துச் சொல்லுதல் கற்போனது காலத்தை வீணாக்குவதோடு அமையாது. ஒரு விதி ஈரிடத்து இருவகையாற் கூறப்படுமாயின், அவற்றுள் எது ஆசிரியர் கருத்து என்னும் ஐயத்தையும் விளைவிக்கும். அக்குற்றத்தைச் சுட்டிய ஆசிரியரே, நூலுக்குரிய 32 உத்திகளுள் 'மாட்டெறிந்தொழுகல்' என்பதனையும் ஓதினார். ஓரிடத்து விதித்த இலக்கணத்தை, அதனை வேண்டிநிற்கும் பிறிதோரிடத்தில் மீள எழுதாது, முன்னையதனோடு மாட்டி முடித்தலே அவ்வுத்தியாகும். நோயும் மருந்தும் ஒருங்கே கூறப்பட்டமை நோக்கத்தக்கது.

இலக்கண நூல் இயற்றுவோர்க்கு நேர்ந்த இவ்விடர்ப்பாடு, கணினிக்குக் கட்டளை வகுப்போர்க்கும் தொடக்கத்திலேயே நேர்ந்தது. இங்கிலாந்திலுள்ள கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'எட்சாக்' என்னும் கணினி 1949 ஆம் ஆண்டு மே மாதத்தில் இயங்கத் தொடங்கிற்று. வர்க்கமூலம் காணல் போன்ற பொதுச் செயல்களுக்கு வேண்டிய கட்டளைகளை ஒவ்வொரு நிரலிலும் மீண்டும் மீண்டும் எழுதுதல் வீண்முயற்சி என்பதையும், எழுதுந்தோறும் புதிய பிழைகள் புகும் என்பதையும் ஆங்குள்ளோர் விரைவில் உணர்ந்தனர். மொறிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் 1951 இல் வெளியிட்ட நூல், துணைநிரல்களை ஒருமுறை எழுதி, நூலகமாகச் சேமித்து, வேண்டும்பொழுது அழைத்துக்கொள்ளும் முறையை விரித்துரைத்தது. துணைநிரலை அழைத்தல் என்பது மாட்டெறிதலன்றி வேறன்று.

மருந்து இத்துணைப் பழமையுடையதாகவும் நோய் இன்னும் நீங்காமைக்குக் காரணம் யாது? பிரதி செய்து ஒட்டுதற்குக் கணினியில் யாதொரு செலவும் இல்லாமை ஒரு காரணம். நன்கு இயங்குகின்ற பழைய பகுதியைத் தொட்டால் அது குலைந்துவிடுமோ என்னும் அச்சம் மற்றொரு காரணம். ஆதலின், அப்பகுதியைத் தொடாது, அதனைப் போன்றதொன்றை அருகே படைத்து, இரண்டொரு பெயரை மாற்றிக்கொள்ளுதல் பெரும்பாலோர் வழக்கமாயிற்று. அன்றைய வேலை அன்றே முடிகின்றது. விளைவு பின்னர் வருவோர் தலையில் விழுகின்றது.

அவ்விளைவின் தன்மையை 2014 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாகக் காட்டிற்று. இணையத்தின் வழியே செல்லும் செய்திகளை மறைகுறியாக்கிக் காப்பதற்குப் பயன்படும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மென்பொருளில், 'ஹாட்பிளீட்' எனப் பெயர்பெற்ற வழுவொன்று அவ்வாண்டு ஏப்பிரல் 7 ஆந் தேதி வெளிப்படுத்தப்பட்டது. மறுமுனையிலுள்ள கணினி, தான் அனுப்பும் செய்தியின் நீளம் இத்துணை என்று கூறும். அக்கூற்று மெய்யோ என ஆராயாது, கூறப்பட்ட அளவு நினைவகத்தை அந்நிரல் படியெடுத்து அனுப்பிவிடும். அதனால், ஒரு வேண்டுகோளுக்கு ஏறத்தாழ 64 கிலோபைற்று அளவான மறைபொருள் பிறர் கைக்குச் செல்லக்கூடியதாயிற்று. 2012 மார்ச்சு மாதம் முதல் இரண்டாண்டுகள் இவ்வழு அங்கே கிடந்தது. ஈண்டு கருதற்பாலது யாதெனின், அவ்வழு ஓரிடத்து மட்டும் இருந்ததன்று என்பதே. இருவகைத் தொடர்பு முறைகளுக்கென இருவேறு கோப்புகளில், ஏறத்தாழ ஒரே வடிவில் எழுதப்பட்ட இரண்டு செயற்பகுதிகளிலும் அது இருந்தது. ஆதலால் ஒரே திருத்தத்தை ஈரிடத்தும் செய்ய வேண்டியதாயிற்று. வழுவுக்குக் காரணம் இரட்டிப்பே எனக் கூறுதல் மிகையாகும்; நீளத்தை ஆராயாமையே காரணம். ஆயினும், ஒரு குறை பிரதியினாற் பெருகும் வகையையும், திருத்துவோர் ஒன்றை மறந்திருப்பின் விளைந்திருக்கக்கூடிய கேட்டையும் உணர்த்துதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மறத்தல் அரிதாக நிகழ்வதன்று. மியூனிச் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, பயன்பாட்டிலுள்ள சில மென்பொருள்களில் ஒன்றையொன்று ஒத்த பகுதிகளை ஆராய்ந்தது. ஒரு பிரதி திருத்தப்பட்டு மற்றைப் பிரதி திருத்தப்படாது விடப்பட்ட இடங்களுள், எண்ணாது விடப்பட்டவற்றில் ஏறத்தாழப் பாதி உண்மையான வழுக்களாக இருந்தன என்பது அவர்கள் கண்ட முடிபு.

இத்தகைய தீங்குகளைக் கண்டோர் கண்டிப்பான விதிகளை வகுத்தமை இயல்பே. அன்றூ ஹண்ட், டேவிட் தோமஸ் ஆகிய இருவரும் 1999 இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் அறிவுக்கூறும் ஒரு தொகுதியினுள் ஐயத்துக்கிடமற்ற ஓரிடத்திலேயே அதிகாரத்துடன் நிற்றல் வேண்டும் என்னுங் கருத்தை வலியுறுத்தினர். 'மீளக் கூறற்க' என்னும் பொருள்பட அவர்கள் இட்ட பெயர் உலகெங்கும் பரவிற்று. அதே ஆண்டில் வெளிவந்த மாட்டின் பவுலரின் நூல், நிரல்களிற் காணப்படும் குறைகளைத் தீய நாற்றங்களாக உருவகித்து, இரட்டித்த நிரலை அவற்றுள் முதற்கண் வைத்தது. ஒன்றை முதன்முறை செய்க. இரண்டாம் முறை தயக்கத்தோடு செய்க. மூன்றாம் முறை வருமாயின் ஒன்றாக்குக என்னும் கருத்துடைய விதியும் அந்நூலிற் காணப்படும். பவுலர் அதனை டொன் றொபேட்ஸ் என்பார்க்கு உரியதாகக் கூறுவர்.

இவ்விதி பயில்வோர்க்கு எளிது. ஆயினும் ஆராயுமிடத்து ஒரு குறையுடையது. அஃது எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்கின்றது. மூன்று முறை வந்தமையால் ஒரு பொருள் ஒன்றாகிவிடுவதில்லை. இரண்டு முறையே வந்தமையால் அது தீங்கற்றதாகிவிடுவதுமில்லை. மேற்காட்டிய வழு இரண்டிடங்களில் மட்டுமே இருந்தது என்பதை நினைதல் வேண்டும். எண்ணுதல், ஆராய்தலுக்கு முன்னர் நிற்கும் காவலாகலாம், ஆராய்தலுக்கு ஈடாகாது.

இரட்டிப்பைக் கண்டுபிடித்தற்கென ஆக்கப்பட்ட கருவிகளும் இவ்வாறே மதிப்பிடற்பாலன. அவை பொதுவாக மூவகைப்படும். முதல்வகை எழுத்து வரிகளை ஒப்புநோக்குவது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிறெண்டா பேக்கர் 1990களில் ஆக்கிய கருவி இவ்வழியிற் சென்று, பெயர்கள் ஒழுங்காக மாற்றப்பட்ட பகுதிகளையும் ஒன்றெனக் காணும் ஆற்றல் பெற்றது. இரண்டாம் வகை, நிரலைச் சொல்லலகுகளாகப் பிரித்து அவ்வலகுகளின் வரிசையை ஒப்பிடுவது. ஒசாக்கா பல்கலைக்கழகத்தார் 2002 இல் விளக்கி வெளியிட்ட 'சி.சி.பைண்டர்' இதற்கு எடுத்துக்காட்டாகும். மூன்றாம் வகை, வாக்கியத்தைப் பகுபதமாகவும் தொடராகவும் பிரித்து நோக்கும் இலக்கண ஆசிரியன் போல, நிரலின் தொடரமைப்பை மரவடிவிற் பிரித்து, கிளைகளை ஒப்பிடுவது. 1998 இல் ஐறா பக்ஸ்ரரும் துணைவரும் இம்முறையை எடுத்துரைத்தனர். இக்கருவிகள் இலட்சக்கணக்கான வரிகளைச் சிறுபொழுதில் ஆராய்ந்து, மனிதக் கண் காணவியலாத ஒப்புமைகளைக் காட்டுகின்றன. இவற்றாலாய பயன் பெரிது.

ஆயின், இவை யாவும் வடிவையே காண்கின்றன, காரணத்தைக் காண்பதில்லை. ஓராண்டு நெட்டாண்டோ என அறியும் விதியை ஒருவர் 4, 100, 400 என்னும் எண்களால் வகுத்துப் பார்த்து எழுதலாம். மற்றொருவர் பெப்ருவரி மாதத்தின் இறுதி நாளைக் கேட்டு எழுதலாம். இரண்டும் ஒரே விதி. வடிவில் ஓர் ஒப்புமையும் இல்லை. கருவி வாளாவிருக்கும். வேறுபட்ட வடிவுடைய இரண்டு நிரல்கள் எக்காலத்தும் ஒரே பயனைத் தருமோ என்பதைப் பொதுவாகத் துணியவல்ல முறை எதுவும் இருத்தல் இயலாது என்பது 1953 இல் ஹென்றி றைஸ் நிறுவிய தேற்றத்தினின்றும் பெறப்படும். ஆகவே இது கருவி செய்தோரின் குறையன்று, பொருளின் இயல்பாகும்.

இதற்கு மறுதலையும் உண்டு. ஹண்டும் தோமசும் தம் நூலை 2019 இற் புதுக்கியபோது, தம் கொள்கை தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டமையைச் சுட்டி, ஒருவரின் வயதைச் சரிபார்க்கும் பகுதியையும், ஒரு பொருளின் தொகையைச் சரிபார்க்கும் பகுதியையும் எடுத்துக்காட்டினர். இரண்டும் முழுவெண்ணாதல் வேண்டும், சுழியத்திற் குறையலாகாது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பினும் அவை இரட்டிப்பல்ல. ஏனெனில் அவை உணர்த்தும் அறிவு வெவ்வேறு. நாளை வயதுக்கு மேலெல்லை விதிக்கப்படலாம். அதனால் தொகைக்கு யாதொன்றும் நேராது. உருவொப்புமை உறவாகாது என்னும் உண்மையை இவ்வெடுத்துக்காட்டு நன்கு விளக்குகின்றது. கொள்கை வகுத்தோர் அறிவைப் பற்றிப் பேச, அதனைக் கைக்கொண்டோர் எழுத்தைப் பற்றிப் பேசியதே இருபதாண்டுக் குழப்பத்தின் வேராகும்.

உறவில்லாதவற்றை ஒன்றாக்குவதால் வருங் கேடு சிறிதன்று. சான்டி மெற்ஸ் என்னும் அறிஞர் 2016 இல் எழுதிய கட்டுரையில் அதன் வளர்ச்சியைப் படிப்படியாக எடுத்துரைத்தார். ஒத்த இரு பகுதிகள் ஒரு பொதுப் பகுதியாக்கப்படுகின்றன. பின்னர் ஒன்றுக்குச் சிறு மாற்றம் வேண்டப்பட, 'இன்னார் அழைப்பின் இவ்வாறு செய்க' என்னும் நிபந்தனை ஒன்று சேர்க்கப்படுகின்றது. அடுத்தவர் மற்றொன்று சேர்க்கின்றார். ஈற்றில் அப்பொதுப் பகுதி எவர்க்கும் விளங்காத புதிராகின்றது. தவறான பொதுமையினும் இரட்டிப்பே மலிவானது என அவர் கூறியமை இது பற்றியே. அன்றியும், பொதுமை எல்லை கடப்பின் பிறரைச் சார்ந்து வாழும் நிலையும் வரும். 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடங்களால் நிரப்பும் 11 வரிகொண்ட சிறு நிரலொன்றை அதன் ஆசிரியர் பொதுக்களஞ்சியத்தினின்றும் நீக்கிவிட, அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டியெழுப்பும் வேலை தடைப்பட்டது. பதினொரு வரியை மீள எழுதுதற்கு அஞ்சியோர் அதனினும் பெரிய இடரைத் தேடிக்கொண்டனர்.

கனடாவின் வாட்டலூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கப்சரும் கொட்பிறேயும் இவ்வழியிலே, இரட்டிப்புத் தீது என்னும் கருத்தே தீதென 2006 இல் வாதித்தனர். அதனை விரித்து 2008 இல் வெளியிட்ட கட்டுரையில், ஆராய்ந்த பிரதிகளுள் 71 சதவீதம் வரையானவை பராமரிப்புக்கு நன்மை பயப்பனவாகக் கொள்ளத்தக்கன என்றனர். வெவ்வேறு வன்பொருள்களை இயக்கும் பகுதிகள் இன்று ஒத்திருப்பினும், நாளை தத்தம் வழியே செல்ல வேண்டியன. அவற்றைப் பிணைத்தல் இரண்டையும் முடமாக்கும். ஆயினும் இம்முடிபை மியூனிச் முடிபுக்கு எதிராக நிறுத்துவோர் இரண்டையும் விளங்கிக்கொண்டாரல்லர். ஒன்று, எண்ணி வைத்த பிரதியைப் பற்றியது. மற்றையது, எண்ணாது மறந்த பிரதியைப் பற்றியது. இரண்டும் சேர்ந்து உணர்த்துவது ஒரே உண்மையாகும்: தீங்கு பிரதியினிடத்தன்று, மறதியினிடத்தே உள்ளது.

ஆகவே, குறைத்தற்குரிய முறை இவ்வாறு அமைதல் தகும். முதலாவது, கருவி காட்டும் ஒப்புமைகளைக் குற்றப்பட்டியலாகக் கொள்ளாது, விசாரணைக்குரிய பட்டியலாகக் கொள்ளுதல். இரண்டாவது, ஒவ்வோர் இணையையும் நோக்கி, 'இதன்கண் ஒரு விதி மாறுமாயின் அதன்கண்ணும் மாறியே ஆகவேண்டுமோ?' என வினாவுதல். பழைய திருத்தங்களின் வரலாறு இதற்குத் துணைபுரியும். பன்முறை ஒருங்கே திருத்தப்பட்டவை பெரும்பாலும் ஒரு விதிக்கு உட்பட்டவையே. மூன்றாவது, விடை ஆமெனின், இரண்டின் நடத்தையையும் முதலிற் சோதனைகளால் உறுதிசெய்து, பின்னர்ப் பொதுப் பகுதியைத் துணைநிரலாகப் பிரித்து, வேறுபடும் கூற்றை மட்டும் வெளியினின்று கொடுத்தல். நான்காவது, விடை அன்றெனின், இரண்டையும் தனியே விட்டு, விட்டதன் காரணத்தை அவ்விடத்தே ஒருவரியிற் குறித்தல். ஒரே விதியாயிருந்தும் ஒன்றாக்க இயலாதவற்றுக்கு ஒரே சோதனைத் தொகுதியை இரண்டின் மீதும் ஓடவிடுதல் ஏற்ற காவலாகும்.

இவ்வாறு தீர்ப்பை ஆராய்வோன் மதிக்கு விடின், சோம்பலுடையோர் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு காரணம் கற்பித்துத் தப்புவர் என ஒருசாரார் தடை கூறுவர். அத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின், அதற்கஞ்சி இரட்டிப்பு இத்துணைச் சதவீதத்தின் மேற் போகலாகாது என எல்லை வகுப்பின், அவ்வெல்லையை ஏமாற்றுதற்கென்றே நிரல்கள் வளைக்கப்படும். வரிகளின் வரிசையைச் சிறிது மாற்றிவிட்டாற் கருவி காணாதொழியும். விதியோ இரண்டிடத்தும் அவ்வாறே இருக்கும். அளவுகோல் நிறைவுற, நோய் மறைவுறும். எழுதிவைத்த காரணமோ பின்வருவோர் படித்து மறுத்தற்கு இடந்தரும். மறுக்கத்தக்க காரணம், மறுக்கவியலாத எண்ணினும் மேலானது.

கூறியது கூறலைக் குற்றமென விலக்கிய மரபே, அது வேறொரு பயன் தருமாயிற் குற்றமாகாது என அமைதியும் கண்டது. அவ்வமைதியை வழங்குதற்கு உரையாசிரியர் சொற்களை எண்ணினாரல்லர். ஆசிரியர் கருத்தை ஆராய்ந்தனர். கணினி நிரலுக்கும் அத்தகைய உரையாசிரியர் வேண்டும். ஒப்புமையைக் காட்டுதல் கருவியின் தொழில். ஒருமையைத் துணிதல் கற்றோன் தொழில். முன்னதனைப் பின்னதென மயங்குதலே இத்துறையில் நிகழும் தலையாய வழு என்க.