அந்திகொனியின் இறுதியுரையும் கிரேக்கர் ஈமக்கடனும்

கிரேக்க நாடகங்களுள் அறிஞரால் பெரிதும் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, சொபோக்கிளீசு கி. மு. 441 அளவில் இயற்றிய ‘அந்திகொனி’. தாய்நகராகிய தீபையின்மேற் படையெடுத்து வந்து மாண்ட பொலினீக்கீசின் உடலை எவரும் அடக்கஞ் செய்தலாகாது என அரசன் கிரியோன் ஆணையிடுகின்றான். மாண்டவனின் உடன்பிறந்தாளாகிய அந்திகொனி அவ்வாணையைக் கடந்து, உடலின்மேற் புழுதி தூவி நீர்க்கடன் செய்து, தண்டனை பெறுகின்றாள். அரசாணைக்கும் மனச்சான்றுக்கும் நிகழும் போரே இந்நாடகம் என்பர் பலர்.

இக்கொள்கைக்கு இடராய் நிற்பது அவள் இறுதியிற் கூறும் உரையொன்றாகும். கணவனோ மகனோ இறந்திருப்பின் அவள் ஆணையை மீறியிருக்கமாட்டாள். பெற்றோர் மறைந்தபின் வேறோர் உடன்பிறந்தான் தோன்றான். ஆதலின் அவன்பொருட்டே மீறினாள் என்பது அவ்வுரையின் கருத்து. இஃது இடைச்செருகலென அறிஞர் எவரேனும் நிறுவுதல் வேண்டுமென 1827-இல் செருமானியப் புலவர் கேதே விரும்பினார். எரொடோட்டசின் வரலாற்றில், பாரசீக மன்னன் தாரியசின்முன் ஒருத்தி இதே காரணங் காட்டி உடன்பிறந்தானின் உயிரை வேண்டுகின்றாள். அங்கே காக்கப்படுவது உயிர், ஈண்டோ பிணம். ஆதலின் அக்காரணம் ஈண்டுப் பொருந்தாதென்பர் மறுப்போர். எனினும், அரித்தோத்தில் இப்பகுதியை எடுத்தாளுதலின், கி. மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே இது நாடகத்தில் இடம்பெற்றிருந்தமை தெளிவு.

இவ்வுரையின் பொருளை விளக்கவல்லது கிரேக்கரின் அன்றாட வழக்கமே. ஒருவர் இறந்தால் வீட்டுப் பெண்டிர் உடலை நீராட்டி, எண்ணெய் பூசி, ஆடை போர்த்திக் கிடத்திப் புலம்புவர். அதேன்சில் ஞாயிறு எழுமுன் உடலைக் கொண்டுசெல்லல் மரபு. பின்னரும் குறித்த நாட்களிற் கல்லறைக்குச் சென்று பாலும் தேனும் வாரப்பெறும். அந்நகரில் ஆர்க்கோன் பதவிக்குத் தெரிவானவனிடம், குடும்பக் கல்லறைகள் எங்குள்ளன என்றும், பெற்றோரை அவன் நன்கு பேணுகின்றானா என்றும் வினவுதல் சட்டமாகவே இருந்தது. நீத்தார்கடன் குடும்பத்தின் கடன். அதனைச் செய்யாதான் குடிமகனாகவும் மதிக்கப்படான்.

ஐயத்துக்குரிய அடிகளுக்குச் சற்று முன்னரே, தாய் தந்தையரையும் உடன்பிறந்தானையும் தன் கைகளால் நீராட்டி அணிசெய்ததை அந்திகொனி எடுத்துரைக்கின்றாள். அடுத்து வருவது அக்கடனின் எல்லை பற்றிய வினாவே. கணவன் இறப்பின் அவன் குடும்பத்தார் உளர். பொலினீக்கீசுக்கோ பெற்றோருமிலர், உடன்பிறந்தானுமிலன். எஞ்சிய ஆண் உறவினருள் நெருங்கியவன் தாய்மாமனாகிய கிரியோனே. கடன் செய்தற்குரியவனே அதனைத் தடுக்கின்றான். அவ்வழி அக்கடன் அவள்மேல் வீழ்கின்றது.

தேவரின் எழுதாச் சட்டம் எல்லோர்க்கும் பொதுவென முன்னர்க் கூறியவள், ஈண்டு உடன்பிறந்தானுக்கு மட்டும் என்பது முரணன்றோ எனின், அன்று. இறந்தார் யாவரும் அடக்கம் பெறுதல் வேண்டும் என்பது பொதுச்சட்டம்; யார் உயிர்கொடுத்தேனும் அதனைச் செய்தல் வேண்டும் என்பது உறவின்பாற்பட்டது. அச்சட்டத்தை ஓதுமிடத்தும், தன் தாயின் மகனை அடக்கமின்றி விடுதல் தாங்கொணாதது என்றே அவள் கூறுகின்றாள்.

கிரியோனின் குற்றமும் இதனால் விளங்கும். துரோகிகளை அத்திக்க மண்ணிற் புதைத்தலாகாது என்னும் சட்டம் அதேன்சிலும் இருந்தது. ஆயின் எல்லைக்கு அப்பால் அடக்கஞ் செய்தலை அது தடுக்கவில்லை. கிரியோனோ பிணத்தை மண்மேல் நாய்க்கும் பறவைக்கும் விடுத்து, உயிருள்ளாளைக் குகையில் அடைத்தான். இம்மாறாட்டத்தையே குறிசொல்வானாகிய தெயிரேசியாசு இடித்துரைக்கின்றான்.

ஈற்றில் கிரியோனே சிதைந்த உடலை நீராட்டி, எரியூட்டி, மேடு எழுப்புகின்றான். அதனை முடித்துக் குகையை அடையுமுன் அந்திகொனி தூக்கிட்டு மாண்டுவிட்டாள். தாய்மாமன் தொடக்கத்திலேயே செய்திருக்கவேண்டிய கடன் அது. ஆதலின் அவ்வடிகளை நீக்குவோர், நாடகத்தைத் தூய்மை செய்பவரல்லர். அது வேரூன்றிய மண்ணையே அகழ்ந்தெறிபவராவர்.