கண்ணாடி போன இடம்

மிரர்லெஸ் கேமராவில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் இல்லாத ஒன்றுதான். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஏறி இறங்க இடம் விட்டாக வேண்டும். பழைய எம்42 திருகு மவுண்டில் அந்த இடைவெளி 45.46 மி.மீ. கண்ணாடியே இல்லாத சோனி இ-மவுண்டில் வெறும் 18. பழைய லென்ஸை இதில் மாட்ட, மிச்சமுள்ள 27 மில்லிமீட்டர் சொச்சத்தை நிரப்பும் ஓர் உலோக வளையம், அதாவது அடாப்டர், போதும். அதற்குள் லென்ஸ் கண்ணாடியும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அதனால்தான் அடாப்டர் அவ்வளவு மலிவு.

2014-இல் வந்த இ-மவுண்ட் கேமரா சோனி ஏ6000 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 24 மெகாபிக்சல், முதல் கேமராவுக்குத் தாராளம். கூட வரும் 16–50 கிட் லென்ஸ் ஊர் சுற்ற உதவும்.

ஆனால் ஆசை தீர எம்42 அடாப்டரில் ஹீலியோஸ் 44-2-ஐ மாட்டிப் பார்க்க வேண்டும். சோவியத் நாட்டில் செய்த 58 மி.மீ., எஃப்/2 லென்ஸ். ஏ6000-இன் சென்சாரில் 87 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகம் எடுக்க வேறென்ன வேண்டும்! ஆட்டோஃபோகஸ் இல்லை. மெனுவில் ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டுவிட்டு வளையத்தை மெல்லத் திருப்பினால், தெளிவான விளிம்புகளில் மட்டும் சிவப்புக் கோடு மினுங்கும். முதலில் மூக்கு நுனி, அடுத்து கன்னம், பிறகு கண்ணிமை. இமை முடியில் சிவப்பு ஏறும் அந்த நொடியில் விரல் தானாக அழுத்திவிடும். அந்தச் சுகத்தை எந்த ஆட்டோஃபோகஸும் தந்ததில்லை.

வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை ஓடினால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.