காதுள்ள கோடுகள்

கீழே கோப்பிக்கடை, மாடியில் இரண்டு பையன்கள். ஒருவன் மாட், மலாய்க்காரப் பையன். மற்றவன் ஃபிராங்கி, கடைக்காரரின் மகன், சீனன். இசைத்தட்டில் எல்விஸ் பிரெஸ்லி பாடுகிறார். பையன்கள் கையில் கிதார் இல்லை. அதனாலென்ன? இல்லாத கிதாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்குகிறார்கள். தாளில் இருப்பதெல்லாம் கறுப்பு மையும் வெற்றிடமும்தான். ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவரின் கால் தன்னையறியாமல் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

இடம் ஈப்போ. காலம் 1960கள். புத்தகம் 'டவுன் பாய்'. வரைந்தவர் லாட்.

முகமட் நோர் காலிட் என்பது அவருடைய முழுப் பெயர். குழந்தையில் கொழுகொழுவென்று இருந்தார். மலாயில் 'புலாட்' என்றால் உருண்டை. வீட்டார் அப்படியே கூப்பிட, நண்பர்கள் அந்தச் சொல்லின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு 'லாட்' என்றார்கள். பேராக் மாநிலத்தில் கோப்பேங் பக்கம் கோத்தா பாரு என்றொரு சிற்றூர் உண்டு. கிளந்தானின் தலைநகர் வேறு, இது வேறு. அங்கே 1951 மார்ச் 5ஆம் தேதி பிறந்தார். அப்பா ராணுவ அலுவலகத்தில் கிராணி. பையன் ஈப்போவின் ஆண்டர்சன் பள்ளியில் படித்தான். வீட்டுச் செலவுக்கு உதவச் சிறு வயதிலேயே படம் வரைந்து விற்றான். சினிமாப் பத்திரிகைகள் அவனுடைய கேலிச்சித்திரங்களை வாங்கிக்கொண்டு, காசுக்குப் பதிலாகப் படம் பார்க்க டிக்கெட் கொடுத்தன. படக்கதைக்கும் திரைப்படத்துக்கும் நடுவே அந்தப் பையனுக்குச் சுவர் எழும்பாமல் போனதற்கு இந்த டிக்கெட்டுகளுக்கும் பங்கு இருந்திருக்கும்.

13 வயதில் முதல் படக்கதைப் புத்தகம் அச்சேறியது: 'தீகா செகாவான்', அதாவது மூன்று நண்பர்கள். ஆண்டு 1964. தபாலில் வந்த கதையைப் படித்த பதிப்பகத்தார், அனுப்பியவர் பெரியவர் என்றே நினைத்துக்கொண்டார்கள். 1968இல் 'பெரித்தா மிங்கு' ஞாயிறு இதழில் 'கெலுவார்கா சி மாமாட்' தொடரைத் தொடங்கினார். அது 26 ஆண்டு ஓடியது.

லாட்டைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய கண்ணைத்தான் பாராட்டுவார்கள். மூன்று வளைவில் முடிந்துவிடும் மூக்கு, வைக்கோல் போர் மாதிரித் தலைமுடி, கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனி முகம். எல்லாம் சரியே. ஆனால் அவருடைய பக்கங்களை ஒரு முறைக்கு மேல் படித்தவர்களுக்கு வேறொன்றும் புலப்படும். அந்த மனிதர் காதாலும் வரைகிறார். அவருடைய கோட்டுக்குச் செவி உண்டு.

'தி கம்போங் பாய்', அதாவது கிராமத்துப் பையன், 1979இல் வந்தது. முதல் அச்சு குறைந்தது 60,000 படிகள். நான்கே மாதத்தில் தீர்ந்தது. அதன் தொடக்கம் கம்பங்கள் மேல் நிற்கும் மரவீட்டில் ஒரு பிரசவம். மருத்துவச்சி வேறு யாருமில்லை, பிள்ளையின் பாட்டிதான். பிறந்த குழந்தையின் காதில் தொழுகை அழைப்பு ஓதப்படுகிறது. பிறகு முடியிறக்கும் சடங்கில் ஊர் ஆண்கள் கூடியமர்ந்து ஓதுகிறார்கள். பையனுக்கு ஆறு வயதானதும் குர்ஆன் வகுப்பு. பத்து வயதில் விருத்தசேதனம்: ஊர்வலம், ஆற்றுக்குளியல், கடைசியில் வாழைத்தண்டின் மேல் உட்காரவைத்துக் காரியத்தை முடிக்கிறார்கள். வரிசையாகப் பார்த்தால் இந்த வாழ்க்கையின் ஒவ்வொரு படியும் ஓர் ஓசையோடு வருகிறது. ஓதல், கூவல், ஊர்வலத்தின் ஆரவாரம், பிறகு அந்த ஒரு நொடியின் அமைதி. பக்கத்துக்குப் பக்கம் ஓசை கூடுவதும் தணிவதும்தான் புத்தகத்தின் ஓட்டம்.

இதை எப்படிச் செய்கிறார்? கட்டம் போட்டுக் கதையை நறுக்குவது லாட்டின் வழக்கமில்லை. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு பெரிய படம், சில இடங்களில் இரண்டு பக்கம் சேர்ந்து ஒரே படம், அடியில் கையெழுத்தில் சில வரிகள். கட்டம் இல்லாததால் கண் ஓடாமல் நின்று மேய்கிறது. முன்னால் நடப்பதைப் பார்த்தபின், பின்னால் வேலியோரம் நிற்கும் கோழி தெரிகிறது. அதற்கப்பால் யாரோ யாரையோ கூப்பிடுவது தெரிகிறது. சந்தைக்குள் நுழைந்தவன் காதில் முதலில் இரைச்சலாக விழுந்து, சற்று நின்றால் தனித்தனிக் குரலாகப் பிரிவது போல அந்தப் படங்கள் மெல்லப் பிரிகின்றன. வாசகங்களும் அப்படியே: ஆங்கிலம், ஆனால் மலாய் வாடை வீசும் ஆங்கிலம். மலேசியர் வாயில் எப்படி வருமோ அப்படி.

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் மிகப் பெரிய ஓசை ஈயக்கப்பல். குளத்தில் மிதந்துகொண்டே அடிமண்ணை வாளி வாளியாகத் தோண்டியெடுத்து, கழுவி, ஈயத்தைப் பிரிக்கும் இரும்புப் பூதம். பத்து காஜாவுக்கு அருகில் தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1938இல் கட்டப்பட்டது, எடை 4,500 டன், 1982இல் ஓய்ந்தது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் லாட் என்ன செய்திருக்கிறார் என்பது விளங்கும். 'கம்போங் பாய்' சிறுவனின் உலகத்தில் இந்தக் கப்பல் அரக்கன் மாதிரி நிற்கிறது. அவனும் நண்பர்களும் கள்ளத்தனமாக ஈயம் அரிக்கப் போகிறார்கள். அப்பாவிடம் அகப்பட்டு அடி வாங்குகிறான். பிற்பாடு அதே அப்பா, குடும்பத்துக்கு இருக்கும் சின்ன ரப்பர்த் தோட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போய், படித்து முன்னேறினால் இது உனக்கு என்கிறார். கடைசியில் பையன் ஈப்போவுக்குப் படிக்கக் கிளம்பும் நேரத்தில், ஈயக் கம்பெனி ஊர் நிலத்தையே வாங்க வரலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. தூரத்தில் முழங்கிக்கொண்டிருந்த கப்பல் வாசலுக்கு வரப்போகிறது. லாட் இதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் கேட்பதில்லை. அதனால்தான் கனக்கிறது.

இந்தப் புத்தகத்துக்கு விதை போட்டது ஒரு சின்னத் தொடர். 1970இல் கோலாலம்பூருக்கு வேலை தேடி வந்தவருக்குச் சித்திரக்காரர் பணி காலியில்லை. குற்றச்செய்தி நிருபர் வேலை கிடைத்தது. 1974இல் 'ஏசியா மேகசின்' இதழில் விருத்தசேதனத்தைப் பற்றி 'பெர்சுனாட்' என்ற படத்தொடர் வெளியிட்டார். நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் ஆசிரியர் அதைப் பார்த்து அசந்துபோய், இப்படி ஒரு கலைஞர் நம் பத்திரிகைக்கு ஏன் இல்லை என்று கேட்க, அவர் நம்மிடம்தான் நிருபராக இருக்கிறார் என்று பதில் வந்தது. அதன்பின் அவருக்குப் பேனா மட்டுமே வேலை. அடுத்த ஆண்டு லண்டன் செயின்ட் மார்ட்டின் கலைப்பள்ளியில் நான்கு மாதம் படித்துவிட்டு வந்தார். 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' என்ற தொடரில் ஒவ்வோர் இனத்தின் கல்யாணத்தையும் சடங்கையும் வரைந்தார். குற்றச்செய்திக்காகத் தெருத்தெருவாக அலைந்தவரின் பழக்கம் அதில் தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர் அல்லர். பந்தி பரிமாறுகிறவரையும் பார்த்துவிட்டு வருகிறவர்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஓவியர் கோபுலு நினைவுக்கு வருவார். 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் தொடராக வந்தபோது, நாதஸ்வரத்தையும் சலங்கையையும் தாளில் கேட்கவைக்கும் பொறுப்பு அவருடைய தூரிகைக்கு இருந்தது. வித்துவானின் உப்பிய கன்னம், தவில்காரரின் சாய்ந்த தோள், மடித்த காலோடு கேட்டுக்கொண்டிருப்பவரின் நிமிர்ந்த விரல். கேட்கிறவரை வரைந்தால் பாட்டு தானாக வரும் என்பது கோபுலுவுக்குத் தெரியும், லாட்டுக்கும் தெரியும். எல்விஸ் எப்படிப் பாடினார் என்பதை ஃபிராங்கி வீட்டு மாடியில் அந்த இரண்டு உடம்புகள்தான் சொல்கின்றன.

ஓசையை வரைகிறவரின் படத்துக்கு நிஜமாகவே ஓசை கொடுத்தால் என்னாகும்? 'கம்போங் பாய்' அசைபடத் தொடர் அந்தச் சோதனைதான். மலேசியா, கனடா, அமெரிக்கா என்று மூன்று நாட்டு நிறுவனங்கள் கூடி 26 பாகங்கள் எடுத்தன. புத்தகத்தின் 1950களை விட்டுவிட்டு, கதையை 1990களின் கம்போங்குக்குக் கொண்டுவந்தார்கள். பயமுறுத்தும் ஆலமரம் ஒன்றைச் சுற்றிய 'ஓ! தோக்' என்ற பாகம் 1999இல் பிரான்சின் அன்னெசி அசைபட விழாவில் விருது பெற்றது. அசைபட உலகத்தில் அன்னெசிக்கு மேல் ஒரு மேடை இல்லை.

ஆனாலும் புத்தகத்தை நேசிக்கிறவர்களுக்குத் தொடரில் ஒன்று குறையும். தாளில், எவ்வளவு நேரம் நிற்பது என்பதை வாசகர் முடிவுசெய்கிறார். திரையில் அந்த உரிமை போய்விடுகிறது. கோழியைப் பார்க்குமுன் காட்சி மாறிவிடுகிறது. பதிலுக்குத் திரை கொடுப்பது நடை. லாட்டின் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை இருப்பது தாளில் ஊகம்தான். அசைபடத்தில் அது கண்ணெதிரே வந்துவிடுகிறது. பட்டாம்பூச்சி வடிவக் கண்ணாடியோடு ஆசிரியை மிசஸ் ஹியூ வகுப்புக்குள் நுழையும்போது பையன்களின் முதுகெலும்பு நிமிர்வதை அங்கேதான் ரசிக்க முடியும். 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' அசைபடத் தொடர் இன்று வீட்டுக்கு வீடு தெரியும். அதில் காளை மாட்டோடு வரும் ராஜு என்ற தமிழ்ப் பையனும் உண்டு. கம்போங் வாழ்க்கை திரையில் விலைபோகும் என்பதை அதற்கு முன்பே காட்டியவன் 'கம்போங் பாய்' தொடரின் நாயகன் மாட்.

2011இல் இதே கதை கோலாலம்பூர் இஸ்தானா புடாயா அரங்கில் ஹான்ஸ் ஐசக் இயக்கத்தில் இசை நாடகமாக ஏறியது. பாடவே பிறந்த கதைக்கு மேடை கிடைக்க முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

லாட் 1997இல் ஈப்போவுக்கே திரும்பி வந்துவிட்டார். அவர் வளர்ந்த நகரமும் இப்போது சுவர்களில் படம் போட்டுக்கொண்டிருக்கிறது. 2014இல் எர்னஸ்ட் சக்கரேவிச் பழைய நகரத்துச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். கோப்பிக் குவளையைக் கையில் பிடித்த தாத்தா, பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும் 'கோப்பி ஓ'. புதிய நகரத்தில் ஒரு சந்து முழுவதும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் எரிக் லாய் பல இனத்தவரின் வாழ்க்கையைத் தீட்டி வைத்திருக்கிறார். தைப்பூசம் வந்துவிட்டாலோ சுவரே தேவையில்லை. புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை வரை காவடியும் உறுமி மேளமும் தெருவை நிறைக்கும். அந்தக் கூட்டத்தில் நடந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறவர், லாட்டின் இரட்டைப் பக்கம் ஒன்றுக்குள்தான் நடந்துபோகிறார்.

பேராக்கின் தோட்டப்புறத் தமிழர்கள் 'கம்போங் பாய்' படிக்கும்போது இன்னொன்றும் நடக்கும். அது தங்கள் கதை இல்லை. ஆனால் பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கத்துக் கதை. விடியுமுன் தொழிலாளர்களைக் கூட்டும் பெரட்டுக்கு அடிக்கும் மணி, ரப்பர் மரத்து மங்கில் சொட்டும் பால், வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அம்மா, லயத்தின் ஒரு கோடியில் வானொலி போட்டால் மறு கோடிவரை கேட்கும் பாட்டு, திருவிழா இரவில் திடலில் திரை கட்டிக் காட்டும் எம்ஜிஆர் படம். எத்தனையோ தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் இடிந்தன. லாட் தன் ஊரைத் தாளில் ஏற்றிவிட்டார். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் படக்கதையின் அருமை தெரியாததில்லை. பெரட்டு மணியையும் அதே போல் கறுப்பு மையில் கேட்கவைக்க ஒரு கை வேண்டும். அந்தப் புத்தகம் வந்தால் அதை முதலில் வாங்கப் போகிறவர்கள் லாட்டின் வாசகர்களாகவே இருப்பார்கள்.

'டவுன் பாய்' ஈப்போ ரயில் நிலையத்தில் முடிகிறது. கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம். குவிமாடங்கள் இன்றைக்கும் பளிச்சென்று நிற்கின்றன. ஃபிராங்கி மேற்படிப்புக்கு இங்கிலாந்து கிளம்புகிறான். மாட் வழியனுப்ப வந்திருக்கிறான். மாடியில் எல்விஸைப் பாடவைத்த அதே இருவர்; இப்போது இசைத்தட்டு இல்லை. இன்று அந்த நடைமேடையில் மின்சார ரயில் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போகிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை அங்கே உட்கார்ந்து விரித்தால், ரயில் புறப்படும் ஓசை தாளிலிருந்துதான் கேட்கிறது.