எழுத்து முடக்கம்: நோயா, சாக்கா?

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சேத்தூர். மலை அருகிருப்பதால் கண்மாய்க்கு நீர் வரும்; அதே மலையின் வேர் மண்ணுக்குள்ளும் ஓடுவதால், கிணறு வெட்டுகிறவர் பாறையில் முட்டுவதும் உண்டு. பாறை முட்டியதும் வேலை நின்றுபோகும். அதற்குக் காரணம் வெட்டுகிறவரின் சோம்பல் என்று எவரும் பழிப்பதில்லை. இந்த நிலத்தில் இனி நீரே இல்லை என்று முடிவு கட்டுவதும் இல்லை. வெடி வைத்துப் பார்ப்பார்கள். கிணற்றின் பக்கச் சுவரில் துளையிட்டு ஊற்றுக்கண்ணைத் தேடுவார்கள். அதுவும் ஆகாவிடில் இடத்தை மாற்றுவார்கள்.

அரபு அகராதிகளில் 'அஜ்பல' என்றொரு வினைச்சொல் உண்டு. மலை எனப் பொருள்படும் 'ஜபல்' என்பதன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கிணறு தோண்டுகிறவன் கடும்பாறையை எட்டிவிட்டான் என்பதைக் குறிக்க அது வழங்கிற்று. கவிஞனுக்குக் கவிதை வராமற்போனபோதும் அதே சொல்லே ஆளப்பட்டது. உமய்யாக் காலப் பெருங்கவி ஃபரஸ்தக், சில வேளைகளில் ஓரடி பாடுவதைக் காட்டிலும் பல்லைப் பிடுங்கிக்கொள்வது தமக்கு எளிதாயிருக்கும் என்று சொன்னதாகப் பழைய இலக்கிய நூல்கள் குறிக்கின்றன. ஆக, எழுத்தாளனின் கை நின்றுபோவது இக்காலத்தார் கண்டுபிடித்த நாகரிக நோயன்று. அதற்குப் பெயரிட்ட அரபியர், பழிச்சொல் எதையும் தேடாமல் கிணறு வெட்டும் தொழிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள் என்பது கருதத்தக்கது.

இரு கட்சிகள்

இன்று இப்பொருளைப் பற்றிப் பேசுவோர் இரு கட்சியாய்ப் பிரிந்து நிற்கின்றனர். எழுத்து முடக்கம் என ஒன்று கிடையாது, அது சோம்பலுக்கு இட்ட அழகான பெயர் என்பது ஒரு கட்சி. கொத்தனார் தமக்கு இன்று செங்கல் அடுக்க வரவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துகொள்வாரா, எழுத்தாளருக்கு மட்டும் என்ன தனிச்சலுகை என்று இவர்கள் கேட்பார்கள். மறுகட்சியினர் இதை ஒரு மனநோய் என்பர். வியன்னாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர் 1947இல் இதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். அதன் மூலத்தை எழுத்தாளரின் குழந்தைப் பருவ ஏமாற்றங்களில் தேடினார். இந்த இரண்டாம் கட்சியின் நிழலிலேயே வேறொரு மயக்கமும் வளர்ந்தது. எழுதாமலிருப்பதே ஆழத்தின் அடையாளம் என்பது அது. மௌனி எழுதியவை ஏறத்தாழ இருபத்துநான்கு சிறுகதைகளே. அவர் பெருமை அக்கதைகளால் வந்ததேயன்றி எழுதாமல் விட்டவற்றால் வந்ததன்று. இவ்வெளிய உண்மையை மறந்தவர்கள் நம்மிடையே பலர்.

இவ்விரு கட்சிகளும் ஒரு புள்ளியில் உடன்படுகின்றன. தடை எழுத்தாளருக்கு உள்ளேதான் இருக்கிறது, அவர் தனியராக அதை வெல்ல வேண்டும் அல்லது தனியராக அதற்கு மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. அந்த உடன்பாட்டைத்தான் இக்கட்டுரை ஐயுறுகிறது.

சமஸ்தானப் புலவரின் சான்று

முடக்கம் இல்லை என்போருக்குச் சேத்தூரே வலுவான சான்று தரும். சேற்றூர் என்று ஏட்டு வழக்கில் எழுதப்பெறும் இவ்வூர், ஜமீனாக விளங்கிய காலத்தில் தமிழ்ப் புலவர்களைப் புரந்தது. பக்கத்து ஊராகிய முகவூரைச் சேர்ந்த இராமசாமிக் கவிராயரும் அவர் மக்களும் இச்சமஸ்தானத்தோடு தொடர்புடைய புலவர் மரபினர். அவருள் ஒருவரான மு.ரா. கந்தசாமிக் கவிராயர் மதுரையில் நடத்திய 'விவேகபாநு' இதழில்தான் பாரதியின் முதற்கவிதை 1904இல் அச்சேறியது.

சமஸ்தானப் புலவருக்கு 'இன்று வரவில்லை' என்று சொல்லும் உரிமை இல்லை. திருமணத்துக்கு வாழ்த்து வேண்டும், திருவிழாவுக்குப் பதிகம் வேண்டும், இறந்தவருக்கு இரங்கற்பா வேண்டும். அவையில் ஒருவர் ஈற்றடி கொடுத்தால் மற்ற அடிகளைப் புலவர் அங்கேயே பாடி முடிக்க வேண்டும். இவர்கள் எவ்வாறு நில்லாமல் பாடினார்கள்? அவர்கள் கற்ற யாப்பே அவர்களைத் தாங்கிற்று. அந்தாதியை எண்ணிப் பாருங்கள். ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது. முதற்சொல் எதுவென்று புலவர் தவிக்க வேண்டியதில்லை, முன் பாட்டே அதைக் கையில் கொடுத்துவிடும். மக்காவையும் மதீனாவையும் பாடிய நம் புலவர்களும் இவ்வடிவத்தை விரும்பிக் கையாண்டதற்குப் பக்தி மட்டுமன்றி இத்தொழில் நுட்பமும் ஒரு காரணமாகலாம். வெற்றுத் தாளின் முன் தனியே விடப்பட்ட இன்றைய உரைநடை எழுத்தாளருக்கு அப்படியொரு ஊன்றுகோல் இல்லை.

எனினும் நில்லாத ஓட்டமே நிறைவான எழுத்துக்குச் சான்றாகிவிடாது. கேட்டவுடன் பாடிய பாட்டுகளில் எத்தனை கேட்டவரோடு மறைந்துபோயின என்பதையும் நாம் எண்ண வேண்டும். பயிற்சியும் வடிவமும் ஒருவகைப் பாறையை உடைக்கும். எல்லாவகைப் பாறையையும் உடைப்பதில்லை. இதை நமக்கு உணர்த்துபவர், தாமே ஒரு சமஸ்தானப் புலவராக இருந்த உமறு.

உமறு நின்ற இடம்

சேத்தூருக்குத் தென்கிழக்கே, கரிசல் நிலத்தில் உள்ளது எட்டயபுரம். அங்கு அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் பயின்று, பின் தாமும் அவ்வவையில் விளங்கியவர் உமறுப்புலவர். யாப்பிலோ அணியிலோ அவருக்குக் குறைவில்லை. ஆயினும் வள்ளல் சீதக்காதி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைக் காப்பியமாக்கத் தூண்டியபோது, உமறு தொடக்கத்திலேயே நின்றுபோனதாக வழிவழி வரும் வரலாறு கூறுகிறது.

ஏன் நின்றார்? அரபு மூலங்களில் இருந்த செய்திகளை அறிந்த ஆலிம் ஒருவர் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடினார். உமறுவின் தோற்றத்தைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் உரை தர இசையவில்லை. மனம் நைந்த உமறு அந்த நிலையில் பாடியதே 'முதுமொழிமாலை' என்பர். பின்னர் இருவருக்கும் வந்த கனவால் மனத்தடை நீங்கியது, பரங்கிப்பேட்டையில் மாமு நயினார் லெப்பை வாயிலாகச் செய்திகள் கிடைத்தன, காப்பியம் நடந்தது. இடையில் சீதக்காதி மறைய, அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவில் பணி தொடர்ந்தது.

இவ்வரலாற்றின் ஒவ்வொரு கூறையும் ஆய்வாளர் ஏற்க வேண்டுமென்பதில்லை. அதைப் பேணி வந்த நம் முன்னோர் ஒரு பெருநூல் ஏன் நிற்கிறது என்பதை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதே இங்கு முக்கியம். உமறுவின் திறமையை அவர்கள் குறை கூறவில்லை. அவர் மனத்தில் நோய் தேடவும் இல்லை. செய்தி இல்லை, அதைத் தரவேண்டியவரின் இசைவு இல்லை, புரப்பவர் மறைந்தார் என்று, எழுத்தாளரைச் சூழ்ந்த உறவுகளில் எது அறுந்தது என்றே அவர்கள் பார்த்தார்கள். அறுந்ததை முடிந்தவுடன் எழுத்து ஓடிற்று என்றே சொன்னார்கள். நின்றுபோன நேரத்தில் உமறு கைகட்டி இருக்கவில்லை, வேறொரு சிறுநூல் பாடினார் என்பதும் அதில் அடங்கும். கிணற்றின் பக்கச் சுவரில் இடும் துளை போன்றது அது.

மேலும் ஒன்று. மூன்று காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்ட சீறாப்புராணம், பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் சொல்லி முடிக்கவில்லை; ஹிஜ்றத்துக் காண்டத்தின் இடையிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். ஒருவர் கை நின்ற இடத்தில் இன்னொருவர் கை தொடங்கியது. தனி ஒருவரின் முடக்கம் சமுதாயத்தின் முடக்கமாகிவிடவில்லை.

நாவே மறுத்தபோது

வெளியிலிருந்து வந்த தடை இது. உள்ளிருந்தே எழும் தடையும் உண்டு. அதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைவிடத் தெளிவான சான்று இராது. பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசானாகப் புகழின் உச்சியில் இருந்த அவர்கள், ஹிஜ்ரி 488 (கி.பி. 1095) ரஜப் மாதத்தில் பேச முடியாதவராயினர். மாணவர்க்காக ஒருநாளேனும் பாடம் சொல்ல முயன்றும் நா அசையவில்லை, உணவும் இறங்கவில்லை. இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய துயர், உள்ளம் அமைதியுறாமல் மருந்து பயன்படாது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். இதையெல்லாம் 'அல்முன்கித்' நூலில் அவர்களே பதிந்துள்ளார்கள். தம் போதனையின் நோக்கம் தூயதன்று, புகழாசையே அதனை இயக்குகிறது என்ற உணர்வு அவர்களை வாட்டியிருந்தது.

அங்கே நின்றது பேச்சு. நாம் பேசுவது எழுத்து. ஆயினும் உண்மை ஒன்றே. இந்த முடக்கத்தைச் சோம்பல் என்று கூற எவருக்கும் நா எழாது. பயிற்சியால் இதை வென்று மறுநாளே பாடம் நடத்தியிருந்தால், பதவி தப்பியிருக்கும். 'இஹ்யா உலூமித்தீன்' பிறந்திருக்குமா என்பது ஐயமே. அவர்கள் இடத்தை மாற்றினார்கள். பதவியைத் துறந்து ஊர்விட்டு நீங்கினார்கள். சில பாறைகள், இங்கே தோண்டாதே என்று சொல்வதற்காகவே எதிர்ப்படுகின்றன. எழுத வரவில்லை என்போர், எழுத வரவில்லையா அல்லது இதை எழுத மனம் ஒப்பவில்லையா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

முடக்கம் என்று சொல்லத் தகாதவை

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் அழுத்தத்தில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக 2015 ஜனவரியில் அந்நாவலாசிரியரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே மீண்டும் எழுத வந்தார். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் மறைவாக எழுதி, புனைபெயரில் வெளியிட்டவர். முதலாவது வாயடைப்பு, இரண்டாவது இடமும் பொழுதும் மறுக்கப்பட்ட நிலை. சுற்றியுள்ளோர் கட்டிய சுவரைப் பாறை என்று அழைத்தால், சுவர் கட்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். நம் இல்லங்களில் எழுதத் தெரிந்தும் எழுதாமற்போன பெண்களைப் பற்றிப் பேசும்போது 'அவருக்கு எழுத வரவில்லை' என்னும் தொடரை நாம் கூச்சத்தோடே பயன்படுத்த வேண்டும்.

என்ன செய்யத்தகும்?

எழுத்து முடக்கம் உண்மையான இடர்தானா என்று கேட்டால், ஆம் என்பதே விடை. ஆனால் அது ஒரே இடர் அன்று. பயிற்சிக் குறைவுக்கு வடிவமும் நாள்தோறும் எழுதும் பழக்கமும் மருந்து. செய்திக் குறைவுக்கு நூலும் ஆசிரியரும் மருந்து. மனச்சான்றின் மறுப்புக்குப் பணியை மாற்றுவதே மருந்து. சுவருக்கு மருந்து எழுத்தாளரிடம் இல்லை. வகையறியாமல் எல்லாவற்றுக்கும் 'உட்கார்ந்து எழுது' என்று கட்டளையிடுவது, எந்தப் பாறை என்று பாராமல் வெடி வைப்பதற்கு ஒப்பாகும்.

நம் சமுதாயத்தில் இது வெறும் இலக்கிய வினா அன்று. தம் ஊரின் பள்ளிவாசல், அடக்கவிடங்கள், தொழில், பேச்சுவழக்கு, அரபுத்தமிழ் ஏடுகள் பற்றி வாழ்நாளெல்லாம் குறிப்பெடுத்த பெரியவர் ஒருவர் ஊர்தோறும் இருப்பார். எழுதி முடிப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஜனாஸா எழும்; அதன்பின் அவர் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் இரார். அவரைச் சோம்பேறி என்றோ பாவம் என்றோ சொல்லிக் கடப்பது எளிது. அவர் எங்கே நின்றார் என்று உயிரோடிருந்தபோது எவரேனும் கேட்டோமா? ஓர் ஏட்டைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் நின்றாரா? படிக்கப்போகிறவர் யாரென்று தெரியாமல் நின்றாரா? உமறுவுக்கு ஓர் ஆலிமும், ஒரு வள்ளலும், தொடர்ந்து பாட ஒரு மரைக்காயரும் இருந்தார்கள். இவருக்கு யார் இருந்தார்?

நபிமாரின் நிலையை எழுத்தாளரின் நிலையோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. எனினும் தாஹா அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வேண்டுதலில் நமக்கொரு படிப்பினை உண்டு. தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு இறைவனிடம் கேட்ட அவர்கள், அத்தோடு நிறுத்தவில்லை. தம் சகோதரர் ஹாரூனைத் தமக்குத் துணையாக்கித் தருமாறும் கேட்டார்கள். நாவில் முடிச்சு விழுவது உண்மை. அதை மறைக்கவோ அதில் பெருமை கொள்ளவோ வேண்டியதில்லை. அவிழ்த்துவிடுமாறு இறைவனிடம் இறைஞ்சுவது எழுத்தாளரின் கடன். அவருக்கொரு ஹாரூனாக நிற்பது நம் கடன்.