கால்வாய்க்கு மேற்கே

புதுச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, நேரான தெருக்கள், சிவப்புக் குல்லாய் வைத்த போலீஸ்காரர், கடற்கரையில் சாயங்கால நடை. பிறகு, பிரெஞ்சுக்காரரும் தமிழரும் வங்காளியும் ஒரே தெருவில் நடமாடுகிறார்கள் என்று ஒரு பாராட்டு. இதில் எதுவும் பொய்யில்லை. நானும் அந்தத் தெருக்களில் ரசித்து நடந்தவன்தான். ஆனால் இவையெல்லாம் சுவரைப் பார்த்தவர்கள் எழுதியவை. ஊரைப் பார்த்தவர்கள் எழுதியதாக எனக்குத் தோன்றுவதில்லை.

ஊரைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1709இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளே துரையின் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை, பார்த்ததையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். சரித்திரக்காரர்கள் அதை யுத்தத் தேதிகளுக்காகப் புரட்டுகிறார்கள். நாவல் படிக்கிறவர்கள் அதை நாவலாகவே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் ஒடுகத்தூருக்கு இது அந்நிய விஷயமும் அல்ல. ஜவ்வாது மலையடிவாரத்தில் நாங்கள் இருக்கிறோம். சற்றுத் தள்ளி ஆம்பூர். 1749 ஆகஸ்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் அங்கே நடந்த சண்டையில்தான் மாண்டார். எதிரில் சந்தா சாயபு. அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுப் பட்டாளம். டூப்ளேயின் நட்சத்திரம் உச்சிக்கு ஏறியது அன்று. இங்கிருந்து வேலூர், ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் என்று பஸ் மாறிப் புதுச்சேரி போகிறவன், பிரெஞ்சுக்காரரின் நட்சத்திரம் விழுந்த இடத்தையும் தாண்டித்தான் போகிறான். 1760 ஜனவரியில் லாலியை இங்கிலீஷ்காரர் முறியடித்தது வந்தவாசியில்.

பிள்ளை எழுதியது பேச்சுத் தமிழ். பாரசீகமும் தெலுங்கும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் கடைத்தெருவில் கலந்த மாதிரியே அவர் வாக்கியத்திலும் கலந்து கிடக்கின்றன. தமிழ் வருஷம், மாதம் போட்டு, கூடவே ஐரோப்பியத் தேதியும் போடுகிறார். பல ஜாதி ஜனங்கள் கலந்த ஊர் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எனக்கு அது உயிருள்ள நடை.

அந்தக் கலப்பு என்ன விலைக்கு வந்தது என்பதையும் அவரே சொல்கிறார். 1748 செப்டம்பர். இங்கிலீஷ் கடற்படையோடு வந்து பாஸ்கவன் ஊரை முற்றுகையிட்டிருக்கும் சமயம். அந்தச் சந்தடியில் வேதபுரீசுவரன் கோயில் இடிக்கப்படுகிறது. பாதிரிமாரின் நெடுநாள் ஆசை, மதாம் டூப்ளேயின் தூண்டுதல் என்று பிள்ளை எழுதுகிறார். இந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். பாஷை தெரிந்துவிட்டால் மனசும் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கங்களை அவசியம் படிக்க வேண்டும். பிள்ளையின் கோபம் அத்தோடு நிற்கவில்லை. கூடி நிற்கத் தைரியமில்லாமல் கலைந்துபோன நம்மவர் மீதும் பாய்கிறது. தாம் என்ன செய்தோம் என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சாமர்த்தியமாக எழுதுகிறார். துரையை அண்டிப் பிழைக்கிறவர், வியாபாரி, வேறென்ன செய்வார்? ஆனாலும் அந்தச் சாமர்த்தியத்துக்கு அடியில் ஒரு வெட்கம் ஓடுகிறது. நாவலாசிரியன் எத்தனை முட்டி மோதினாலும் கற்பனையால் பிடிக்க முடியாத வெட்கம்.

பிடிக்க முயன்றவர் பிரபஞ்சன். ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரண்டு நாவல்களை இந்த நாட்குறிப்பின் மேல் கட்டினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அவர் புதுச்சேரிக்காரர். மூலத்தில் ஒரு வரியில் வந்துபோகிற தாசிகளுக்கும் அடிமைகளுக்கும் அவர் முகம் கொடுத்தார். அது பெரிய காரியம். ஆனால் அவருடைய பிள்ளை எனக்குச் சற்று அதிகமாகவே நல்லவராகப் படுகிறார். நாட்குறிப்பில் இருக்கிற பிள்ளை லாபக் கணக்குப் பார்ப்பார், ஜோசியம் பார்ப்பார், பிறர் தம்மைப் புகழ்ந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைத்துக்கொள்வார். இந்தச் சின்னத்தனங்களை எடுத்துவிட்டால் ஆளே பாதியாகிவிடுகிறார்.

கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று ஊரைப் பிரித்த கோடு இன்றும் தெரிகிறது. கிழக்கே நாம் படமெடுத்துக்கொள்ளும் வீடுகள் டூப்ளேயின் காலத்தவை அல்ல. 1761இல் இங்கிலீஷ்காரர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகு எழுந்த ஊர் அது. பிள்ளையின் வீடு மேற்கே, அவர் பேரில் இருக்கிற தெருவில், மார்க்கெட்டு இரைச்சலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கீழே நம்மூர் மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய பாணியில் வெள்ளைத் தூண்கள். காமிராக்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

புதுச்சேரி சரணடைந்தது 1761 ஜனவரி 16ஆம் தேதி. அதற்கு நான்கு நாள் முன்னால் பிள்ளை காலமாகிவிட்டார். இடித்த கதையை அவர் பாணியில் எழுத வேறு யாரும் அகப்படவில்லை.