ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள என்ன விலை?

சென்னையின் துலிகா பதிப்பகம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட படக்கதை ஒன்றின் நாயகன் காளி, இருளர் வீட்டுப் பையன். கதையை எழுதியவர் ஸாய் விட்டேகர். படங்கள் ஸ்ரீவித்யா நடராஜனுடையவை. காளியின் அப்பா பாம்பு பிடிப்பவர் என்பதால் பள்ளியில் யாரும் அவனோடு ஒட்டுவதில்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு ஒன்று நுழைகிறது. மற்றவர்கள் நடுங்கி நிற்கும்போது காளி அதைப் பிடிக்கிறான். அன்றே அவன் பள்ளியின் நாயகன். நண்பர்களும் தானாக வந்து சேர்கிறார்கள். கதையின் அன்பும் நகைச்சுவையும் உண்மையானவை. ஆனாலும் இதை வகுப்பில் படித்துக்காட்டும் ஆசிரியர் ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்: பாம்பு வராமலே போயிருந்தால்? இந்தக் கேள்வியோடு குடும்பம், நட்பு, ‘நம்மில் ஒருவர்’ என்ற உணர்வு ஆகியவற்றைப் பேசும் சிறார் நூல்களை வாசித்தால் அவை இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பது தெரியும். ஒரு பக்கத்தில், வெளியே நிற்கும் குழந்தை தன் தகுதியைக் காட்டி உள்ளே வருகிறது. மறுபக்கத்தில், உள்ளே இருப்பவர்கள் தாங்கள் கதவைச் சாத்தி வைத்திருப்பதை உணர்கிறார்கள். முதல் வகைக்கு வாசகர் அதிகம், பரிசும் அதிகம். நமக்கு இப்போது அதிகம் வேண்டியது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

முதல் வகையின் வேர் ஆழமானது. பஞ்சதந்திரத்தில் எலி வலையைக் கடித்துப் புறாக்களை விடுவிக்கிறது. காகமும் ஆமையும் மானும் எலியும் ஒன்றையொன்று காப்பாற்றியே நட்பை நிலைநாட்டுகின்றன. அது அரசகுமாரர்களுக்கான பாடம். அங்கே நட்பு என்பது ஒருவகை உடன்படிக்கை, கைம்மாறு இல்லாமல் நிற்காது. ஆண்டர்சன் 1843இல் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சு வாத்துகளிடம் இடம் பெறவே இல்லை; அது அன்னம் என்று தெரிந்த பிறகு அன்னங்களிடம்தான் இடம் கிடைக்கிறது. 1939இல் சிகாகோவின் மாண்ட்கோமரி வார்டு கடைக்காக ராபர்ட் மே எழுதிய ருடால்ஃப் இன்னும் வெளிப்படையானது. சிவப்பு மூக்குக் கலைமானைக் கேலி செய்து ஒதுக்கிய கூட்டம், பனிமூட்ட இரவில் அந்த மூக்கு விளக்காகப் பயன்பட்டதும் கொண்டாடுகிறது. கேலி செய்தவர்கள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆர். ஜே. பலாசியோவின் ‘வொண்டர்’ (2012) நாவலில் பிறவியிலேயே முகம் மாறுபட்ட ஆகஸ்ட், ஆண்டிறுதி விழாவில் பதக்கம் வாங்குகிறான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. அவன் செய்த சாதனை என்ன என்று தேடினால், மற்றவர்கள் மனம் உருகக் காரணமாக இருந்ததுதான் மிஞ்சுகிறது. பாம்பு பிடிப்பதைவிடக் கடினமான வேலை அது.

தமிழில் இந்தக் களம் அண்மையில்தான் அகலமாகியிருக்கிறது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்களின் தலைப்புகளைப் பார்த்தாலே மாற்றம் தெரியும். 2010இல் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’, 2012இல் ‘காட்டுக்குள்ளே இசைவிழா’, 2018இல் ‘சிறகு முளைத்த யானை’. 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வந்தது. பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசிய நூல். அதன்பின் மு. முருகேஷின் ‘அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை’, ஜி. மீனாட்சியின் ‘மல்லிகாவின் வீடு’, யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. காடும் விலங்கும் பின்னுக்குப் போய், வீடும் அம்மாவும் பெயர் சொல்லி அழைக்கப்படும் சிறுமிகளும் அட்டைக்கு வந்திருக்கிறார்கள். தலைப்பை வைத்து உள்ளடக்கத்தை அளந்துவிட முடியாதுதான். ஆனால் எது பரிசுக்குரிய சிறார் விஷயம் என்ற எண்ணம் நகர்ந்திருப்பதற்கு இது போதிய சான்று.

யார் வருகிறார்கள் என்பதை எண்ணுவது வேறு நாடுகளில் ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. பிள்ளைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதியது இன்று எல்லாக் கருத்தரங்குகளிலும் மேற்கோளாகிறது. பிரிட்டனில் 2017இல் வெளியான சிறார் நூல்களை ஆரம்பக் கல்விக்கான எழுத்தறிவு மையம் எண்ணிப் பார்த்தபோது, சிறுபான்மை இனப் பாத்திரங்கள் இடம்பெற்றவை 4 விழுக்காடு. அவர்களே முதன்மைப் பாத்திரமானவை 1 விழுக்காடு. இத்தகைய கணக்கு இல்லாவிட்டால் பதிப்பகங்கள் அசைந்திருக்க மாட்டா. ஆனால் காளியும் ருடால்ஃபும்கூட முதன்மைப் பாத்திரங்கள்தான். தலைகளை எண்ணும் முறை அவர்களை வெற்றியாகவே குறித்துக்கொள்ளும். கதையில் உழைத்தது யார், மாறியது யார் என்று அது கேட்காது. சும்மா உட்கார்த்தி வைக்கப்பட்ட ஒப்புக்குச் சப்பாணிகளையும் அது அதே பட்டியலில்தான் சேர்க்கும்.

காளிக்காக வாதாடுபவர்களிடம் வலுவான பதில் ஒன்று உண்டு. பாம்பு பிடிப்பது அவனுக்கு ஒட்டவைத்த திறமை அல்ல; அது இருளர்களின் பரம்பரை அறிவு. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குப் பெரும் பங்கு கிடைக்கிறது. எந்தத் தொழிலைச் சொல்லிக் காளியை ஒதுக்கினார்களோ, அந்தத் தொழிலாலேயே அவன் தலைநிமிர்கிறான் என்பது சிறுவாசகனுக்குப் பெரிய விஷயம். இதை மறுக்கவில்லை. ஆனால் 2023இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்ததும் பாம்பின் வழியாகத்தான். அந்தச் சிறப்பு அவர்களுக்கு முற்றிலும் உரியது. அதே காலத்தில் இருளர் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் அலைவதும் நின்றபாடில்லை. பயன்படும்போது பாராட்டுவதும், இருக்க இடம் தருவதும் வேறு வேறு என்று பெரியவர்களின் உலகமே காட்டிக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகளின் கதை இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவது சிக்கல்தான். நாயகனாக ஆசைப்படுவது எந்தக் குழந்தைக்கும் இயல்பு. தன் பயணத்தில் தானே வெல்வது ஒன்று. சக மாணவர்கள் வைக்கும் தேர்வில் தேறுவது வேறொன்று.

பார்வையைத் திருப்பிய இரண்டாம் வகைக் கதைகள் புதியவை என்று சொல்ல முடியாது. எலினார் எஸ்டஸின் ‘நூறு ஆடைகள்’ 1944இல் வந்தது. தினமும் ஒரே வெளிறிய நீல உடையில் வரும் போலந்துக் குடியேறிச் சிறுமி வாண்டா, வீட்டில் நூறு ஆடைகள் இருப்பதாகச் சொல்கிறாள். தோழிகள் அதைத் தினசரி கேலியாக்குகிறார்கள். அவள் வரைந்த நூறு ஆடைப் படங்கள் போட்டியில் பரிசு வாங்கும்போது அவள் ஊரிலேயே இல்லை, குடும்பம் வேறு நகரத்துக்குப் போய்விட்டது. திறமை வெளிப்படுகிறது, ஆனால் அது எதையும் வாங்கித் தரவில்லை. எஸ்டஸ் கதையை வாண்டாவின் கண் வழியாகச் சொல்லவில்லை, கேலி நடக்கும்போது வாய்மூடி நின்ற மேடியின் உறுத்தல் வழியாகச் சொல்கிறார். ஜாக்குலின் உட்சன் 2012இல் எழுதிய ‘ஒவ்வொரு அன்பும்’ இன்னும் கறாரானது. புதிதாக வந்த மாயாவைக் குளோயி கடைசிவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மனம் மாறும்போது மாயா பள்ளியைவிட்டுப் போயிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க ஆளில்லை. தமிழில் விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ இந்த வரிசையில் வைக்க வேண்டிய நூல். பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதி நிறத்தில் கயிறு ஏறுவதையே அது பேசுபொருளாக எடுத்துக்கொண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. அந்த வகுப்பறைகளில் ஒதுக்கப்பட்ட பிள்ளை என்ன சாகசம் செய்து காட்டினால் கயிறு அவிழும்? இந்தக் களத்தில், ஒதுக்கப்பட்ட பிள்ளையே மற்றவர்களைக் காப்பாற்றி இடம்பெறும் மீட்பர் கதை அபத்தமாகிவிடுகிறது. நன்றாகப் படிப்பதே அங்கே சிலருக்குக் குற்றமாகப் படுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது, இந்த இரண்டாம் வகைக் கதைகள் ஒதுக்கப்பட்ட பிள்ளையைக் கருவியாக்குகின்றன என்ற குற்றச்சாட்டு. மேடிக்கும் குளோயிக்கும் மனசாட்சி விழிக்கிறது. வாண்டாவும் மாயாவும் கதையைவிட்டே வெளியேறிவிடுகிறார்கள். வசதியான பிள்ளை பாடம் கற்க வறிய பிள்ளை காணாமல் போக வேண்டுமா? ஒன்ஜாலி ராவூஃபின் ‘கடைசி வரிசைப் பையன்’ (2018) சிரிய அகதிச் சிறுவன் அகமதைப் பற்றியது என்றாலும், அவன் பெற்றோரைத் தேடித் திட்டம் போடுவதும் பிரிட்டன் அரசியிடம் முறையிடக் கிளம்புவதும் வகுப்புத் தோழர்கள். விறுவிறுப்பான கதைதான், அகமதுவோ பல பக்கங்களில் பேசாமலே இருக்கிறான். இந்தக் குறை நிஜமானது. குற்றம் புரிந்தவரின் கண் வழியே எழுதினால் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. எனவே அத்தகைய நூல் தனியாக நிற்கக் கூடாது. அந்தப் பிள்ளை தன் வீட்டில், தன் தெருவில், யார் அனுமதியும் கேட்காமல் வாழும் நூல்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். குடும்பக் கதைகளின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

ஐதராபாத்தின் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் 2008 வாக்கில் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கொண்டுவந்த ‘வேறுபட்ட கதைகள்’ வரிசை இந்த வகையில் இன்னும் தாண்டப்படாத முயற்சி. தலித், முஸ்லிம் வீடுகளின் பிள்ளைகள் அதில் மையமாக இருந்தார்கள். கோகு சியாமளா, ஜூபாக சுபத்ரா போன்றோர் எழுதினார்கள். முகமது கதீர் பாபுவின் தலைக்கறிக் கதையில் ஆட்டுத்தலை வாங்கிச் சமைத்து வீடே கூடிச் சாப்பிடுவதுதான் விஷயம். சகிப்புத்தன்மை பற்றிய பாடம் எதுவும் இல்லை. வெளியாள் ஒருவர் வந்து ருசி பார்த்து ஒப்புதல் தருவதும் இல்லை. அந்த வீட்டுக்கு அந்த ஒப்புதல் தேவைப்படவில்லை. கனக் சசியின் ‘குட்லிக்குச் சிறகுண்டு’ வேறொரு தினுசு. பையனாகப் பிறந்ததாகச் சொல்லப்படும் குட்லி தன்னைச் சிறுமி என்கிறாள், கவுன் கேட்கிறாள். வீடு மறுக்கிறது. அவள் எதையும் நிரூபிப்பதில்லை, வாடிப்போகிறாள், அவ்வளவுதான். அம்மா மாறுகிறாள். சில பக்கங்களில் முடிந்துவிடும் இந்தக் கதையில் ‘வொண்டர்’ நாவலின் பதக்க விழாவைவிடக் கூடுதல் நேர்மை இருக்கிறது. குடும்பத்தைத் தொடும் நூல்கள்தான் பெரியவர்களைச் சுருக்கென்று தைக்கின்றன. அமெரிக்காவில் இரண்டு ஆண் பெங்குவின்கள் குஞ்சு வளர்த்த உண்மைக் கதையைச் சொன்ன படக்கதை (2005) ஆண்டுக்கணக்காக நூலகங்களில் தடைக் கோரிக்கைகளைச் சந்தித்துவருவதும் அதனால்தான்.

இதெல்லாம் பிரச்சாரம், பிள்ளைகளுக்குச் சந்தோஷமான கதை போதாதா என்பார்கள். பிரச்சார நெடி அடிக்கும் நூல்கள் இருக்கின்றன, நிறையவே. சாதி என்றால் ஒரு வில்லன், மாற்றுத்திறன் என்றால் ஒரு தேம்பல், கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் சொற்பொழிவு. அவற்றை எழுத்துக் குறையாகவே விமர்சிக்க வேண்டும். ஆனால் மீட்பர் கதையும் பிரச்சாரமே. ‘உன்னை ஏற்கச் செய்வது உன் பொறுப்பு’ என்ற பிரச்சாரம் நமக்குப் பழகிப்போனதால் கதைபோலத் தெரிகிறது. சோகத்தைப் பொறுத்தவரை, 2020 ஊரடங்கில் தெலங்கானாவின் மிளகாய்க் காடுகளிலிருந்து சத்தீஸ்கருக்கு நடந்தே திரும்பும் வழியில் இறந்த 12 வயதுச் சிறுமி ஜம்லோவைப் பற்றி சமீனா மிஸ்ரா எழுதி, தாரிக் அசீஸ் படம் வரைந்த நூல் 2021இல் வந்தது. நகரத்து வீடுகளுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளின் நாள்களை அது அவளுடைய நடையோடு அடுத்தடுத்து வைக்கிறது. அவர்கள் அவளைக் காப்பாற்றுவதில்லை, அதற்கு வழியும் இல்லை. நீனா சப்னானியின் ‘முகுந்தும் ரியாசும்’ (2007) பிரிவினைக் காலக் கராச்சியில் நடக்கிறது. இந்துக் குடும்பம் பத்திரமாகத் துறைமுகம் சேர முஸ்லிம் சிறுவன் ரியாஸ் துணை நிற்கிறான். ஆபத்தைச் சுமப்பவன் இங்கே ஊரில் உரிமையோடு இருக்கும் பையன். நட்பின் செலவு யார் கணக்கில் ஏற வேண்டுமோ அங்கே ஏறியிருக்கிறது.

இந்த நூல்களில் பெரும்பாலானவை வசதியான பள்ளிகளின் அலமாரிகளில் நின்றுவிடுகின்றன என்பதும் உண்மை. துலிகா பல மொழிகளில் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் கதைகளைத் திறந்த உரிமத்தில் தருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னப் புத்தகங்களைக் கொண்டுசேர்க்கிறது. சொல்லின் எளிமையைப் பார்த்து நிலை பிரிப்பவர்கள் கதையின் அமைப்பையும் ஒருமுறை பார்க்கலாம். திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடியாவோ வங்காளமோ இந்தியோ பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கதைகள் இனிப் பெருகும். அப்படியொரு கதையில் வரும் பையனைக் கணக்கில் புலியாகவோ, கபடி இறுதியாட்டத்தில் அணியைக் காப்பவனாகவோ ஆக்கிவிட எழுதுபவருக்குக் கை துறுதுறுக்கும். அவன் கணக்கில் சுமாராகவும் கபடியில் மந்தமாகவும் இருந்தாலும் கதை நிற்கிறதா என்று அச்சுக்கு அனுப்பும் முன் பார்த்துக்கொண்டால் நல்லது.