பொடியின் லக்ஷணம்

டர்பைன் இறகு போன்ற உறுப்புகளைச் சூட்டிலிருந்து காக்கும் வெப்பத்தடைப் பூச்சைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பொடியை உருக்கித் தூவும் பிளாஸ்மா துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை கிலோவாட், ஆர்கானோடு எவ்வளவு ஹைட்ரஜன், நாஸிலுக்கும் பூசவேண்டிய பரப்புக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்குகளிலேயே பொழுது போய்விடுகிறது; ஹாப்பருக்குள் கொட்டப்படுகிற வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்கவேண்டும் என்று சபையில் எவருக்கும் தோன்றுவதில்லை. என் அபிப்பிராயம் இதற்கு நேர் எதிரானது. பொடி நன்றாக அமைந்துவிட்டால் சுமாரான துப்பாக்கியும் கௌரவமான பூச்சைத் தந்துவிடும். பொடி கெட்டிருந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய துப்பாக்கியாலும் அதைத் திருத்த இயலாது.

பொடிகளுக்குள் உத்தமமானது எது என்று என்னைக் கேட்டால், யிட்ரியா கலந்த ஸிர்கோனியாவில், உள்ளே வெற்றிடம் கொண்ட உருண்டை மணிதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆறு முதல் எட்டு சதவீதம் யிட்ரியா என்ற அளவை நாசாவின் லூயிஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டெகுரா 1978-இல் நிர்ணயித்த பிறகு, இந்தப் பொருளின் ரசாயனத்தில் சச்சரவுக்கு அதிக இடமில்லாமல் போயிற்று. எஞ்சியது உருவம். அந்த உருவத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு: பொடியில் கொஞ்சத்தை ரெசினில் பதித்து, இறுகவிட்டு, வைரப் பசை கொண்டு மெருகேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைக்கவேண்டும். கண்ணுக்கு முன்னே வளையங்கள் விரியும். ஒன்றின் சுவர் தடித்து, நடுவே சிறு துவாரம் மாத்திரம் இருக்கும்; அதன் பக்கத்தில் இன்னொன்று, சுவர் சீராக மெலிந்து, வட்டம் குலையாமல் நிற்கும்; எங்கேயோ ஒன்று உடைந்து பிறையாகக் கிடக்கும்; பெரிய மணியின் தோளில் குட்டி மணி ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை வளையங்களுக்கு எத்தனை பிறைகள் என்பதை எண்ணாமல் பார்த்தே ஊகித்துவிடுகிற கண், பொடி செய்தவனுடைய சிரத்தையையும் அவசரத்தையும் ஒரே நோக்கில் கண்டுகொள்ளும்.

இந்த வெற்றிடம் தற்செயலாக நேர்வதன்று. நுண்ணிய ஸிர்கோனியாவையும் யிட்ரியாவையும் நீரிலும் பசையிலும் கரைத்த குழம்பைச் சூடான காற்றுக்குள் துளித்துளியாகச் சிதறடிக்கும்போது, துளியின் மேற்பரப்பு முதலில் உலர்கிறது; உள்ளிருக்கும் நீர் வெளியேறும் வழியில் நுண்துகள்களையும் பசையையும் ஓட்டை நோக்கி இழுத்துக்கொண்டு வர, நடுப்பகுதி காலியாகிவிடுகிறது. குழம்பின் கெட்டித்தன்மை, பசையின் அளவு, காற்றின் சூடு ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் மணி சுருங்கும், குழிவிழும், அல்லது வெடித்துப்போகும். அப்படி உலர்ந்த மணியைப் பிளாஸ்மாச் சுடரின் வழியே ஒரு முறை செலுத்தி எடுக்கும்போதுதான் ஓடு உருகி இறுகி, யிட்ரியா ஸிர்கோனியாவுக்குள் முழுவதும் கலந்து, மணி தன் பூர்ண ரூபத்தை அடைகிறது. பூச்சாக மாறுவதற்கு முன்பே ஒரு தரம் தீயில் பிறந்த பொடி அது.

உள்ளே வெற்றிடம் இருப்பதால் விளையும் லாபம் பெரிது. ஸிர்கோனியா உருகுவதற்கு ஏறக்குறைய 2700 பாகை செல்சியஸ் வேண்டும். சுடருக்குள் அதற்குக் கிடைக்கிற அவகாசமோ வினாடியின் ஆயிரத்தில் சில பங்குதான். வெப்பத்தை எளிதில் கடத்தாத ஸ்வபாவம் கொண்ட இந்தப் பொருள், கெட்டியான பருமணியாக வந்தால், மேல்தோல் ஆவியாகத் தொடங்கும் வேளையிலும் வயிற்றுப் பகுதி உருகாமல் இருக்கும். வெற்றுமணிக்கு வயிறே இல்லை. மெல்லிய ஓடு ஒரே சமயத்தில் உருகிப் பரப்பில் மோதி, மெல்லிதாகப் படர்ந்து, கண நேரத்தில் உறைகிறது. அப்படி அடுக்கடுக்காகப் படிந்த பூச்சில் நுண்துளைகளும் நுண்பிளவுகளும் ஒரு சீராக விரவியிருக்கும். அவையே வெப்பத்தை மறிக்கின்றன, அவையே சூடேறித் தணியும்போது வருகிற இழுவிசையைத் தாங்குகின்றன.

நல்ல பொடிக்கு இன்னொரு லக்ஷணம் ஓட்டம். மார்கழியில் சிதம்பரத்து வீதிகளில் கோலமிடும் பெண்கள், மாவு விரலில் ஒட்டாமல், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே சீராக இறங்கவேண்டும் என்பதற்காகச் சற்றே நறநறப்பான கோலமாவைத் தேடி வாங்குவார்கள். பொடிக்காரனின் தேட்டமும் அதுவே. 2.5 மில்லிமீட்டர் துவாரமுள்ள புனலில் 50 கிராம் பொடி இறங்க எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது சாஸ்திரீயமான சோதனை. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் நான் இளமையில் அறிந்த பெரியவர் ஒருவர், புனலும் கடிகாரமும் இருந்தபோதிலும், பாட்டிலை மெல்லச் சாய்த்து, பொடி சரிகிற சாய்மானத்தை முதலில் பார்ப்பார். பிறகு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு கடற்காற்று ஈரமாக வீசிய ஒரு நாளில் அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, ஈரம் வாங்கியிருக்கு. ஓவன்ல போட்டு எடு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அவசர வேலை காத்துக்கொண்டிருந்தது. ஆயினும் பொடி காய்ந்த பிறகே துப்பாக்கி பற்றவைக்கப்பட்டது. ஈரப்பொடி குழாயில் திக்கித் திக்கி வரும் என்பதையும், அந்தத் திக்கல் ஒவ்வொன்றும் பூச்சுக்குள் உருகாத கட்டியாக நின்றுவிடும் என்பதையும் அவர் எந்தப் புஸ்தகத்திலும் படித்தறிந்தவரல்லர்.

உருக்கி உடைத்த பொடியின் அபிமானிகளோடு எனக்கு நெடுநாளைய விவகாரம் உண்டு. மின்வில் உலையில் உருக்கி, ஆறவைத்து, நொறுக்கிச் சலித்த அந்தப் பொடி விலை குறைவானது, இறுக்கமான பூச்சைத் தரவல்லது, தூசி மோதும் இடங்களில் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும் என்கிறார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் முனை முனையாக நிற்கும் அந்தத் துகள்கள் குழாயில் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதையும், வெப்பத்தை மறிப்பதே நோக்கமான இடத்தில் இறுக்கம் குணமாகாமல் குற்றமாகிவிடுவதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைக்கும் தூண்தூணான பூச்சே மேலானது என்று சொல்லும் வேறொரு கட்சியாருக்கு, யிட்ரியா கலந்த ஸிர்கோனியா டர்பைன் இறகின்மேல் தன் தகுதியை முதலில் நிலைநாட்டியது 1976-இல் நாசா ஜே-75 எஞ்சினில் நடத்திய சோதனையில்தான் என்பதையும், அன்று இறகின்மேல் இருந்தது பிளாஸ்மாவால் பூசிய பூச்சு என்பதையும் நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸிர்கோனியாவுக்கு மாற்றாக முன்வைக்கப்படும் லாந்தனம் ஸிர்கோனேட்டின் ரஸிகர்களை மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. உருகும் வரையில் படிக அமைப்பு மாறாத திடம் அதற்கு உண்டு. நம் ஸிர்கோனியாவோ 1200 பாகைக்கு மேல் நெடுங்காலம் நின்றால் நிலைகுலையத் தொடங்கும். ஆயினும் லாந்தனம் ஸிர்கோனேட் உடையும் சுபாவமுடையது, வெப்பத்தில் விரிவதும் குறைவு. ஆகவே ஸிர்கோனியாவை அடியிலும் அதை மேலேயும் வைத்துப் பூசுவதே விவேகம். அந்தப் பொருளைப் பற்றி எனக்கிருக்கும் மரியாதைக்கு முக்கிய காரணம் சிதம்பரம். பற்றவைப்பு ஆராய்ச்சிக்குப் பெயர்போன அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சி. எஸ். ராமச்சந்திரனும் வி. பாலசுப்பிரமணியனும், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பி. வி. அனந்தபத்மநாபனோடு கூடி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பப் பிளாஸ்மாவைக் கொண்டு லாந்தனம் ஸிர்கோனேட்டை ஆக்குவது, உருண்டையாக்குவது, பூசுவது என்ற மூன்றையும் ஒரே தொடராக எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நிற்கிற அந்த உருண்டையாக்கும் படிதான் என் மனத்தைக் கவர்ந்தது. கடையில் வாங்கிய பொடியோடு ஆராய்ச்சியைத் தொடங்காமல், பொடியையே ஆராய்ச்சியின் முதற்பொருளாகக் கொண்ட அந்த மனோபாவத்தை நான் வணங்குகிறேன்.

அந்த மனோபாவம் இன்று அருகி வருகிறது. சக்தி, தூரம், பொடி செலுத்தும் வேகம் முதலான காரணிகளை அட்டவணையிட்டுப் புள்ளியியல் முறையில் சோதனை செய்யும் பழக்கம் நம் கல்லூரிகளில் பெருகியிருக்கிறது, நல்ல பழக்கமே. ஆனால் அக்கட்டுரைகளில் பலவற்றைப் புரட்டிப் பார்த்தால் பொடிக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது: இன்ன வியாபாரி, இன்ன மைக்ரான். உருவத்தின் படம் இல்லை, குறுக்குவெட்டு இல்லை, ஓட்டத்தின் கணக்கு இல்லை. பட்டறைகளிலும் இதே கதைதான். சில காலத்துக்கு முன் எங்களுக்கு வந்த ஒரு டப்பாவில், மேலே நல்ல மணிகளும் அடியில் மாவைப்போன்ற தூளும் கலந்திருக்க, பூசிய இரண்டு உருப்படிகள் முதல் சூட்டிலேயே உரிந்துபோயின; விற்றவர் நீட்டிய சான்றிதழிலோ யிட்ரியாவின் சதவீதம் தசமப் புள்ளி பிசகாமல் சரியாக இருந்தது. ரசாயனம் சரியாக இருந்தால் பொடி சரி என்று எண்ணுகிற வழக்கம் எங்கிருந்து வந்ததோ, அதைத் தொலைக்காமல் நம் பூச்சுகள் மேம்படப் போவதில்லை.

இதில் எனக்குள்ள ஆதங்கம் பிரதேச அபிமானத்தோடு சேர்ந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை, கயிற்று நாரில் ஒட்டிவந்த மணலைக் கொண்டு ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டறிந்தார். அந்த மணலில்தான் ஸிர்கோனியாவுக்குத் தாதுவான ஸிர்க்கானும் இருக்கிறது. மோனசைட்டில் யிட்ரியம் சொற்பம், லாந்தனமோ ஏராளம். லாந்தனம் ஸிர்கோனேட்டின் ரஸிகர்கள் இந்த வாதத்தை எடுத்தால் நான் தோற்கவும் தயார். பழையகாயலில் ஸிர்கோனியம் ஆக்சைடு தயாராகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியிருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசினர் கல்லூரியும் இருக்கிறது. சிதம்பரத்தில் பிளாஸ்மாச் சுடர் எரிந்து பழகியிருக்கிறது. கல்விக்கூடங்கள் இரண்டும் கடலூர் மாவட்டத்தின் எல்லைக்குள் இருப்பவை. ஆகவே குழம்பு கலக்கி, துளி சிதறி, வெற்றுமணி உலர்த்துகிற வித்தையை ஒரு மாணவன் தன் படிப்பின் மையமாகக் கொள்வதற்கு இவற்றுள் எங்கேனும் இடம் வகுக்கவேண்டும். முதல் சில ஆண்டுகளில் பிறைகளே மிகுதியாக வரும்; வரட்டும். மண்ணும் உலையும் மாணவரும் நமக்குக் குறைவில்லை. பொடி செய்வதைத் தனிக் கலையாக மதித்து, அதற்கென்றே தன் காலத்தைச் செலவிடுகிற ஆசிரியர் ஒருவர் அமைந்தால் இந்த மாவட்டத்துப் பொடியை உலகத்தார் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள்.